படிப்பு ஏறாதது பிள்ளையின் குற்றமா?

"தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லித் திரிகிறவர்கள் நம்மைச் சுற்றிப் பலர். சொன்னதை மறக்கிறான், கணக்கு மனதில் நிற்கவில்லை என்று பிள்ளையின் தலையில் குட்டுகிறார்கள். நாம் கேட்கிறோம்: அந்தப் பிள்ளை பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே, தாயின் வயிற்றில் இருக்கும்போதே அதன் பங்கை வெட்டியது யார்?

இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்து பிறந்தால் எடை குறைந்த பிள்ளை. இந்த நாட்டில் விகிதப்படி அப்படிப்பட்ட பிள்ளைகள் அதிகமாகப் பிறப்பது தோட்டப்புறத்தில்தான். 2016 அரசாங்கக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப் பிள்ளைகளில் 100க்கு 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுவதற்கும் அது 17.

தாய்க்குச் சாப்பாடும் இரத்தமும் ஓய்வும் குறைந்தால், நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போவதும் குறையலாம். அப்போது வயிற்றுப் பிள்ளையின் உடம்பு மற்ற உறுப்புகளைப் பட்டினி போட்டு மூளைக்கு இரத்தம் அனுப்புகிறது. அப்படியிருந்தும் மூளையில் ஞாபகத்தைச் சேர்த்துவைக்கும் பகுதி பாதிக்கப்படலாம். இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் சிலருக்குக் கவனமும் ஞாபகமும் சிரமப்படுவது இதனால்தான். எல்லாருக்கும் அப்படி வருவதில்லை. தாய்ப்பால், சத்தான சாப்பாடு, பேச்சு, விளையாட்டு, அக்கறையுள்ள ஆசிரியர் கிடைத்தால் பிள்ளை தேறி வரும். ஆகவே எங்கள் பிள்ளைகளை 'மக்கு' என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

"பிள்ளைத்தாச்சி ரொட்டியும் தேத்தண்ணியுமாகத் தின்றால் அப்படித்தான்" என்று புத்தி சொல்ல வருகிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையைத் தேத்தண்ணியோடு குடித்தால் உடம்பில் சரியாகச் சேராது என்பதை நாமும் வீடுவீடாகச் சொல்கிறோம். ஆனால் முட்டையும் மீனும் பருப்பும் புத்திமதியில் வேகாது, சம்பளத்தில்தான் வேகும். வயிற்றுச் சுமையோடு கொழுந்தும் சுமந்து மலையேறுகிறவளுக்கு, கிலோ குறைந்தது என்று அரைப்பேர் போடும் நிர்வாகத்துக்குச் சத்துணவு பற்றிப் பேச என்ன யோக்கியதை?

நாற்று மேடையில் தேயிலைக் கன்றுக்கு நிழல் கட்டித் தண்ணீர் ஊற்றத் தெரிந்தவர்களிடம் நாம் கேட்பது இவைதான்: கர்ப்பம் உறுதியான நாள் முதல் இலகுவான வேலையும் முழுப்பேரும், கிளினிக் நாளுக்குச் சம்பளம், பிள்ளைக்காம்பராவில் பயிற்சி பெற்ற ஆளும் சத்தான சாப்பாடும். அரசாங்கத்திடம் கேட்பது, 2022 இல் போல் தட்டுப்படாத திரிபோஷா.

ஆண் தோழர்களே, வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவள் பிள்ளைத்தாச்சியாக இருக்கக் கூடாது. சம்பள நாளில் சாராயத்துக்குப் போகும் காசும் பிள்ளையின் பங்குதான்.

தோட்டத் தலைவர்மாரும் மாதர் தலைவிமாரும் அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேச வேண்டும். கர்ப்பிணிகளுக்கு எந்தத் தோட்டத்தில் அரைப்பேர் போடப்படுகிறது என்ற விபரத்தோடு காரியாலயத்துக்கு வாருங்கள். நிர்வாகத்தின் முன் சேர்ந்து போவோம்.