பெட்டி கட்டியே வாழ்ந்த கோல்காப்பாளர்

நம் வகுப்பறைகளில் காற்பந்து பற்றிப் பேச்சு எழுந்தால் மெஸ்ஸி, ரொனால்டோ என்ற இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும். பெரியவர்கள் உடனிருந்தால் ஃபாண்டி அகமதுவும் சேர்ந்துகொள்வார். 1983ல் நெதர்லாந்தின் குரோனிங்கன் குழுவுக்காக இண்டர் மிலானுக்கு எதிராக அவர் போட்ட கோலை என் தாத்தா நேற்று பார்த்ததுபோல் சொல்வார். ஆனால் லுட்ஸ் ஃபானன்ஸ்டீல் என்ற பெயரை என் நண்பர்களில் ஒருவர்கூடக் கேள்விப்பட்டதில்லை. இத்தனைக்கும் அவர் நம் எஸ்-லீக்கில் ஆடியவர்.

1973ல் ஜெர்மனியின் பவேரியாவில் பிறந்தவர் ஃபானன்ஸ்டீல். பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் நிலைக் குழு அழைத்தபோது மறுத்துவிட்டு, ஏறக்குறைய 20 வயதில் பினாங்கு வந்தார். இன்று நாம் படிப்பை முடிக்காமல் இருக்கும் வயது அது. பிறகு இங்கிலாந்தில் விம்பிள்டன், நாட்டிங்ஹம் ஃபாரஸ்ட். இரண்டு இடங்களிலும் முதல் கோல்காப்பாளர் இடம் கிடைக்கவில்லை.

கோல்காப்பாளரின் வேலையை இந்த இடத்தில் புரிந்துகொள்ள வேண்டும். தாக்குதல் ஆட்டக்காரர் கடைசி 20 நிமிடத்திற்காவது மாற்று ஆட்டக்காரராக இறங்கலாம். இரண்டாம் கோல்காப்பாளரோ முதலாமவருக்குக் காயம் ஏற்பட்டால் ஒழிய, பருவம் முழுக்க ஓரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆட வேண்டும் என்றால் ஊர் மாற வேண்டும். அப்படித்தான் தென்னாப்பிரிக்கா, பின்லாந்து என்று சுற்றி, கேலாங் யுனைடெட் குழுவுக்கு வந்து சேர்ந்தார்.

இங்கேதான் அவர் வாழ்க்கையின் மிக மோசமான பகுதி. ஆட்டத்தை விலைபேசியதாகக் குற்றம் சாட்டப்பட்டு, 2001ல் சிங்கப்பூர் நீதிமன்றம் அவருக்கு ஐந்து மாதச் சிறைத் தண்டனை விதித்தது. 101 நாள் சிறையில் இருந்தார். தாம் குற்றவாளி இல்லை என்றே அவர் இன்றுவரை சொல்லி வருகிறார். அந்த வழக்கை மறுபடி விசாரிப்பது இந்தப் பத்தியின் வேலை இல்லை. ஆனால் 30 வயதைக்கூட எட்டாத ஓர் ஆட்டக்காரர் இப்படி ஒரு தீர்ப்போடு வெளியே வந்தால், கதை அத்துடன் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

முடியவில்லை. நியூசிலாந்து போனார். (அங்கே ஒரு பெங்குவினை வீட்டுக்குத் தூக்கிவந்து குளியல் தொட்டியில் விட்ட கதையை அவரே சொல்லியிருக்கிறார். அதை விரித்தால் இந்தக் கட்டுரையே பெங்குவின் கட்டுரை ஆகிவிடும்.) 2002 டிசம்பரில் இங்கிலாந்தின் பிராட்ஃபர்ட் பார்க் அவென்யூ குழுவுக்காக ஆடும்போது எதிரணி ஆட்டக்காரர் மோதியதில் மூன்று முறை மூச்சு நின்றது. அதன் பிறகும் கையுறையைக் கழற்றவில்லை. 2008ல் பிரேசிலின் ஒரு சிறிய குழுவில் சேர்ந்தபோது, ஃபிஃபாவின் ஆறு கண்டக் கூட்டமைப்புகளிலும் நிபுணத்துவ ஆட்டக்காரராக ஆடிய முதல் மனிதர் ஆனார்.

படிக்கச் சாகசக் கதைபோல் இருக்கும். நானும் முதலில் அப்படித்தான் படித்தேன். ஆனால் ஒவ்வொரு புதிய நாட்டுக்கும் பின்னால் முடிந்துபோன ஓர் ஒப்பந்தம் இருக்கிறது என்பது பிறகுதான் உறைத்தது.

அனைத்துலக ஆட்டக்காரர்கள் சங்கமான ஃபிஃப்புரோ 2016ல் 54 நாடுகளைச் சேர்ந்த சுமார் 14,000 பேரிடம் ஆய்வு நடத்தியது. 41 விழுக்காட்டினர் தங்களுக்குச் சம்பளம் தாமதமாக வந்ததாகச் சொன்னார்கள். 45 விழுக்காட்டினரின் மாதச் சம்பளம் 1,000 அமெரிக்க டாலருக்கும் குறைவு. நாம் இரவில் கண்விழித்துப் பார்க்கும் பிரிமியர் லீக் இந்தத் தொழிலின் கூரை மட்டுமே. பெரும்பாலானோர் தரையில்தான் நிற்கிறார்கள்.

என் பெரியம்மா மகன் ஒருவர் அப்படி நின்றவர். தேசிய சேவை முடிந்ததும் அண்டை நாட்டுக் குழு ஒன்றில் சேர்ந்தார். முதல் இரண்டு மாதம் சம்பளம் வந்தது, அடுத்த மூன்று மாதம் வரவில்லை. வேலை அனுமதி அந்தக் குழுவின் பெயரில் இருந்ததால் சண்டை போடப் பயம். வீட்டில் சொல்ல வெட்கம். அம்மாவிடம் “சாப்பாடெல்லாம் நல்லா இருக்கு” என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு, வாடகைக்கு என்னிடம் கடன் கேட்டார். நான் அப்போது தொடக்கக் கல்லூரி மாணவன்.

அவருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தால், எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, அப்போதும் பணம் வராவிட்டால் ஆட்டக்காரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். 2018 முதல் ஃபிஃபா விதிகளிலேயே இது இருக்கிறது. மலேசியாவின் நிபுணத்துவக் காற்பந்தாட்டக்காரர்கள் சங்கம் சம்பளப் பாக்கிப் பிரச்சினைகளை வெளிப்படையாகவே பேசி வருகிறது. பயிற்சியில் 200 முறை பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர்கூட இதை அவருக்குச் சொல்லித்தரவில்லை.

“முதல்ல படிப்ப முடி” என்று நம் பெற்றோர் சொல்வதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் விளையாட்டு சோறு போடாது என்பதோடு அவர்கள் பேச்சு நின்றுவிடுகிறது. சிலருக்குப் போடத்தான் செய்கிறது, எத்தனை நாளைக்கு, எந்த நிபந்தனையில் என்பதுதான் கேள்வி. திறமையுள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கும் பள்ளிகளும் குழுக்களும் 16 வயதிலேயே ஓர் ஒப்பந்தத்தை மேசையில் வைத்து வரி வரியாகப் படிக்கக் கற்றுத்தர வேண்டும். பருவத்துக்கு இடையில் காயம் ஏற்பட்டால் மருத்துவச் செலவு யாருடையது? முகவருக்கு எவ்வளவு? பயணச்சீட்டு ஒருவழியா, இருவழியா? இவை ஒரு பிற்பகலில் சொல்லி முடிக்கக்கூடியவை.

ஃபானன்ஸ்டீல் பிற்பாடு ஹாஃபன்ஹைம் குழுவுக்குத் திறமையாளர்களைத் தேடும் வேலைக்குப் போனார். பிறகு அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் சிட்டி குழுவின் விளையாட்டு இயக்குநர் ஆனார். 2023ல் அந்தப் புதிய குழு தன் முதல் ஐந்து லீக் ஆட்டங்களையும் வென்றது. ஊர் ஊராகச் சேர்த்த பழக்கங்கள் அவருக்குக் கைகொடுத்தன. எல்லாருக்கும் அப்படிக் கொடுக்காது.

அண்ணன் இப்போது வாரநாள்களில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறார். போன மாதம் இன்னொரு வெளிநாட்டுக் குழுவிலிருந்து அவருக்கு ஒப்பந்தம் வந்தது. இம்முறை கையெழுத்துக்கு முன் என்னிடம் கொண்டுவந்தார். அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து இருவரும் படித்தோம். சம்பளம் எந்தத் தேதியில் என்று எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. தேதியைக் கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.