சொல்லை வெட்டாதீர்!

ஊரப்பாக்கம் கடைத்தெருவில் ‘தள்ளுபடி’ என்று பலகை தொங்கினால் கூட்டம் கூடுகிறது. அதே சொல்லை நீதிமன்றத்தில் கேட்டால் மனு போட்டவர் முகம் வாடுகிறது. சொல் ஒன்றுதான், இடம் வேறு. வியாபாரிக்குத் தெரிந்த இந்தச் சின்ன உண்மை, ‘ஜிஹாத்’ என்றவுடன் பலருக்கு மறந்து போவது ஏன்?

ஜிஹாத் என்றால் கடும் முயற்சி, போராட்டம். களத்தில் செய்யும் போரும் அதில் அடங்கும், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் போருக்கு அனுமதியே இல்லாத மக்கா காலத்தில், குர்ஆனைக் கொண்டு பெரும் ஜிஹாத் செய்யச் சொல்கிறது 25:52 வசனம். இணைவைக்கும்படி பிள்ளையை வற்புறுத்தும் பெற்றோரைப் பற்றிய 31:15 வசனத்திலும் இதே வேர்ச்சொல்தான். அங்கே வாள் எங்கே?

1985-ல் குர்ஆனைத் தடை செய்யக் கோரி கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் ஒரு மனு வந்தது. வசனங்களை வெட்டியெடுத்து அடுக்கியிருந்தார்கள். இடம் பிரித்து எடுத்த வரிகளைக் கொண்டு முழு நூலையும் எடைபோட முடியாது என்று, மே 17 அன்று நீதிபதி பிமல் சந்திர பசாக் அதைத் தள்ளுபடி செய்தார்.

9:5 வசனத்தை நீட்டுவோர், உடன்படிக்கையை நிறைவேற்றச் சொல்லும் 9:4-ஐயும், அடைக்கலம் கேட்டவரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்லும் 9:6-ஐயும் காட்டுவதில்லை.

இளைஞர்களே! அப்போது கொதிக்காதீர்கள். முன்னும் பின்னும் படித்துக் காட்டுங்கள். அதே நியாயத்தை மற்றவர் பேச்சுக்கும் வேதத்துக்கும் வழங்குங்கள். அவர்கள் சொல்லை நாம் வெட்டினால், நம் முறையீடும் தள்ளுபடிதான்!