குழந்தையை ‘ஆர்டர்’ செய்ய முடியுமா?

குஜராத்தில் தலசீமியா பாதித்த ஒரு சிறுவனுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. குடும்பத்தில் யாருடைய எலும்பு மஜ்ஜையும் அவனுக்குப் பொருந்தவில்லை. ஐ.வி.எஃப் முறையில் கருக்களை உருவாக்கி, நோய் இல்லாத, அவனுக்குப் பொருந்தும் கருவை மருத்துவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். 2018-ல் தங்கை பிறந்தாள். 2020-ல் அவளுடைய மஜ்ஜை அண்ணனைக் காப்பாற்றியது. ‘மருந்துக்காக ஒரு பிள்ளையா?’ என்ற விவாதமும் கிளம்பியது.

சரி, சிவப்பாக, உயரமாக, புத்திசாலியாகக் கேட்டு வாங்கலாமா? முடியாது. தலசீமியா ஒரே ஒரு மரபணுக் கோளாறால் வருவது, சோதனையில் தெரிந்துவிடும். உயரத்துக்கும் அறிவுக்கும் பின்னால் ஏராளமான மரபணுக்கள் இருக்கின்றன; சாப்பாடும் வளர்ப்பும் வேறு.

சட்டமும் விடாது. 2021-ம் ஆண்டுச் சட்டப்படி, பரம்பரை நோயைக் கண்டறிய மட்டுமே கருவைச் சோதிக்கலாம். ஆணா, பெண்ணா என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது குற்றம். ஏன் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-லேயே தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்த மாநிலம் இது.

எங்கள் மேல்பட்டாம்பாக்கம் பக்கம் அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் சகஜம். சொந்தத்தில் இருவருமே ஒரே குறையுள்ள மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியிருந்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவிகித வாய்ப்பு. லட்சங்கள் செலவழித்துக் கருவைச் சோதிப்பதற்கு முன், ஜாதகத்தோடு ஒரு ரத்தப் பரிசோதனையும் பார்த்துவிடலாமே!