மனசு மட்டும் போதாது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் வீட்டுக்கு வீடு ஒரு விசாரணை நடக்கும். இன்ஜினியரிங்கா, பி.காமா, நர்சிங்கா? அந்த நேரம் பார்த்து ஒரு பெண், “சோஷியாலஜி படிச்சிட்டு சமூக சேவைக்குப் போறேன்” என்று சொன்னால், “அதுக்கு எதுக்கும்மா படிப்பு? மனசு இருந்தா போதாதா?” என்று கேட்க ஒரு பெரியப்பா இருப்பார்.

போதாது என்பதுதான் என் கட்சி.

பதினைந்து வயதுப் பையன் ஒருவன் செல்போன் திருடிப் பிடிபட்டான் என்று வையுங்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன்படி அவனை நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். அப்படி முதன்முதல் நிறுத்திய நாளிலிருந்து 15 நாட்களுக்குள் சமூக விசாரணை அறிக்கை வர வேண்டும். நன்னடத்தை அலுவலர் இல்லாத இடத்தில் சமூகப் பணியாளரே அதை எழுதலாம். மனசு மட்டும் உள்ளவர் என்ன எழுதுவார்? ‘ஏழைக் குடும்பம், அப்பா குடிப்பவர், கண்டிப்பு இல்லை.’ மூன்றும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால், எந்தப் பையனுக்கும் பொருந்துகிற உண்மை.

பயிற்சி உள்ளவர் வேறு மாதிரி கேட்பார். அம்மா எத்தனை மணிக்குப் பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார்? காலையில் தங்கையை யார் பள்ளிக்கு அனுப்புவது? வேறு பேட்டைக்குக் குடி மாற்றப்பட்ட பிறகு பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், முதல் பஸ் எப்போது? கேட்கக் கேட்க, பையன் பள்ளியை விட்டது திமிரினால் அல்ல, அந்த முதல் பஸ்ஸினால் என்று தெரியவரும். அறிவுரை சொல்லி அனுப்புவதா, பள்ளி மாற்றிக் கொடுப்பதா என்பது அந்த அறிக்கையைப் பொறுத்தது. குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு சமூகப் பணியாளர்கள் இருவர் உட்காருகிறார்கள். அவர்களுக்கான தகுதியில் சோஷியாலஜி பட்டத்தைச் சட்டமே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பெரியப்பாவுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கேள்வி கேட்கிற இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. 1916-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, நிலம், கடன், கூலி எல்லாவற்றையும் கேட்டு எழுதிவரச் சொன்னார். (அவர் பொருளாதாரக்காரர், இருந்தாலும் எந்த சமூகவியலாளரும் அவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வார்.) அந்தக் கிராமங்களில் ஒன்று தென்னாற்காட்டு இருவேல்பட்டு. 1930-களிலும் 1980-களிலும் வேறு ஆட்கள் போய் அதே ஊரில் மறுபடி விசாரித்தார்கள். யாரிடமிருந்து யாருக்கு நிலம் கைமாறியது என்று இன்று நம்மால் பேச முடிகிறதென்றால், அந்த நோட்டுப்புத்தகங்களும் ஒரு காரணம்.

சம்பள விஷயத்தில் மட்டும் பெரியப்பா பக்கம் நியாயம் இருக்கிறது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பெரும்பாலான வேலைகள் ஒப்பந்த வேலைகள்தான், தொகுப்பூதியம். தொண்டு நிறுவனங்களிலோ திட்டப் பணம் நின்றால் வேலையும் நிற்கும். இதை மறைத்துப் பிள்ளைகளை உசுப்பேற்றுவது பாவம்.

தெரிந்தே சேருகிற பெண்ணுக்கு ஒரு யோசனை. கல்லூரியில் கட்டடத்தைப் பார்க்காதே. களப்பணி வாரத்துக்கு எத்தனை நாள், களக் குறிப்பேட்டை யார் படித்துத் திருத்துகிறார்கள் என்று மூன்றாமாண்டு மாணவர்களிடம் கேள். கையெழுத்து மட்டும் விழுகிற குறிப்பேடு என்றால் அடுத்த கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கு.