கிளைகளைக் கொளுத்தாதே! கொல்லைக்குக் கொடு!

கோடைக்காலத்தில் கருங்குழிப் பக்கம் ரஸ்தா ஓரமாக நடந்து பாருங்கள். மின்கம்பிக்கு இடைஞ்சல் என்று வெட்டிய வேப்பங்கிளை, புங்கங்கிளை, வேலிக்காத்தான் தூறு எல்லாம் குவிந்து கிடக்கும். இரண்டு நாள் காயும். மூன்றாம் நாள் யாரோ நெருப்பு வைப்பார்கள்.

அதே தெருவில் விவசாயத் தொழிலாளியின் கொல்லையில் நாலு கத்திரிச் செடி வெயிலில் சுருண்டு கிடக்கிறது. காலையில் ஊற்றிய குடம் தண்ணீர் மத்தியானத்துக்குள் ஆவியாகிப் போகிறது. அந்தக் குடத்தைச் சுமந்தது யார்? ஷிப்டு முடிந்து வந்த பெண், நடவு முடித்து வந்த தாய். அவர்கள் இடுப்பு வலியைக் குறைக்கக்கூடிய பொருள்தான் தெருவில் கரியாகிறது!

கிளையைக் கொடுவாளால் சிறுசிறு சில்லாக நறுக்கிச் செடியைச் சுற்றி நாலு விரல் கனத்துக்குப் பரப்பினால் அதற்குப் பெயர் மூடாக்கு. வெயில் மண்ணைத் தொடாது, ஈரம் நிற்கும், களை முளைப்பது குறையும், சில்லு மக்க மக்க மண்புழு வரும். நம்மாழ்வார் தம் கடைசிக் காலம் வரை, 2013 வரை, ஊர் ஊராகச் சொன்னதில் இதுவும் ஒன்று. பிரான்சில் ஜீன் பெயின் என்பவர் காட்டுப் புதரை நறுக்கி மக்க வைத்தே காய்கறி விளைத்தார். கனடாவின் கியூபெக் ஆராய்ச்சியாளர்கள் 7 சென்டிமீட்டருக்கு மேல் பருக்காத இளங்கிளையையே மண்ணுக்கு ஏற்றதென்று சொன்னார்கள். அதில்தான் சத்து அதிகம். பருத்த கட்டை நம் அடுப்புக்கு இருக்கட்டும். சிலிண்டர் விலை விற்கிற விலையில் அதைச் செடிக்குப் போடச் சொல்ல நாம் முட்டாள்களல்ல.

மரச்சில்லு செடியைக் கெடுக்கும் என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். பாதி உண்மை. மண்ணோடு கொத்திக் கலந்தால், மரத்தைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், செடி மஞ்சளிக்கும். மேலே பரப்பினால் அந்தத் தொல்லை மேல்மண்ணோடு நின்றுவிடும். கரையானோ நிஜமான பகைவன். தண்டிலிருந்து ஒரு சாண், குடிசைச் சுவரிலிருந்து நாலு முழம் தள்ளியே போட வேண்டும். வேலிக்காத்தானைக் காய் பிடிக்குமுன் நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் கொல்லையே வேலிக்காத்தான் காடாகும். அதன் முள்ளை நீக்காமல் போடுகிறவன் தன் பிள்ளையின் காலுக்குத்தான் முள் போடுகிறான்.

சர்க்கார் என்ன செய்கிறது? பிளாஸ்டிக் தாள் மூடாக்குக்கு 2014-ம் வருஷத்து விதிப்படி ஹெக்டேருக்கு 16,000 ரூபாய் மானியம், இரண்டு ஹெக்டேர் வரைக்கும் என்று வகுத்தது. நல்லது, நிலமுள்ளவர் வாங்கட்டும். மூன்று சென்ட் மனையில் செடி வைத்திருப்பவன் ஹெக்டேருக்கு எங்கே போவான்? அவனுக்கு வேண்டியது தாளுமல்ல, மானியமுமல்ல. தெருவில் எரிகிற கிளை போதும்.

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையிலும் செங்கல்பட்டு வட்டாரத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதே மாதம் 22-ந் தேதி பசுமைத் தீர்ப்பாயம், திறந்த வெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று உத்தரவிட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, புகை நம் மூக்கில் இருக்கிறது!

கருங்குழி பேரூராட்சி. 2005-ல் வந்த நூறு நாள் வேலைச் சட்டம் கிராமப்புறக் குடும்பங்களுக்கென்று எழுதப்பட்டது. பேரூராட்சி என்ற பெயர்ப் பலகையால் இங்குள்ள கூலிக்காரனுக்கு அது எட்டாமல் போயிற்று. வேலை இல்லாமலா இருக்கிறது? வெட்டிய கிளையை நறுக்கி வீடு வீடாகக் கொடுப்பதே வேலைதானே! பேரூராட்சி ஒரு நறுக்கும் இயந்திரம் வாங்கட்டும். கை உள்ளே போகாதபடி காப்புள்ளதாக இருக்க வேண்டும். உள்ளூர்த் தொழிலாளிக்கு நாள் கூலி கொடுக்கட்டும். கட்டையை ஏலத்தில் எடுக்கிற காண்டிராக்டர் கிளையை எரிக்காமல் விட்டுப் போக வேண்டும் என்று ஏல நிபந்தனையிலேயே எழுதட்டும். இயந்திரம் வரும்வரை கொடுவாள் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப்பேர் ஒரு குவியலைச் சுற்றி உட்கார்ந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஒரு தெருக் கொல்லைக்குப் போதும்.