நீலக்கல் வாங்கும் முன்

கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் ஒரு நீலக்கல்லை வாங்கி அலுமாரியில் பூட்டி வைப்பது எமது வியாபாரிகள் பலரின் வழக்கம். மகளின் கல்யாணத்துக்கு ஆகும், கடைக்கு முதல் தேவைப்பட்டால் விற்கலாம் என்பது கணக்கு. கணக்கு பிழையல்ல. ஆனால் பத்து மூட்டை சீமெந்து இறக்கும்போது காட்டும் கவனத்தைக்கூட நாம் கல் வாங்கும்போது காட்டுவதில்லை.

முதல் தவறு, கரட்டை மட்டும் பார்த்து விலை பேசுவது. ஒரு கரட் என்பது 200 மில்லிகிராம். அது நிறைக்குரிய அளவு, தரத்துக்குரியதல்ல. நிறை குறையக் கூடாதென்று கல்லின் அடிப்பாகத்தைக் கனமாக விட்டுப் பட்டை தீட்டுவது எமது நாட்டில் பழைய பழக்கம். மோதிரத்தில் பதித்த பின் அந்தக் கனம் எவர் கண்ணுக்கும் தெரியாது. ஆனால் அதற்கும் சேர்த்தே காசு கொடுத்திருப்போம்.

நிறத்திலும் இப்படியொன்று உண்டு. அடி நுனியில் மாத்திரம் நீலம் நிற்கும்படி பட்டை தீட்டினால், மேலிருந்து பார்ப்பவருக்குக் கல் முழுவதும் நீலமாகவே தெரியும். இது மோசடியல்ல, தீட்டுபவரின் கைத்திறமை. எனினும் முழுவதும் நிறம் பரந்த கல்லின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள், நீலம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பது வெளித்துவிடும். பார்ப்பது பகல் வெளிச்சத்தில் இருக்கட்டும். கடை மின்குமிழின் கீழ் எல்லாக் கல்லும் மின்னும்.

இவையெல்லாம் கண்ணால் பிடிக்கக்கூடியவை. கண்ணுக்கு அகப்படாதது சூடு. பால் நிறத்துக் கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இங்கிருந்து மலிவாக வாங்கிச் சென்று, கடும் வெப்பத்தில் சூடாக்கி நல்ல நீலமாக்கி விற்றார்கள். பின்னர் நம்மவர்களும் அத்தொழிலைக் கற்றுக்கொண்டார்கள். சூடாக்கிய கல்லை உலகச் சந்தை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அதே தரத்தில் சூடு காட்டாத கல்லுக்குப் பன்மடங்கு விலை. 2001, 2002 அளவில் இன்னொன்றும் வந்தது. பெரிலியம் என்ற மூலகத்தைச் சேர்த்துச் சூடாக்கிய கற்கள், பத்பராகம் என்ற பெயரில் விலைபோயின.

அப்படியொரு கல் என்னிடமும் வந்தது. பல வருடப் பழக்கமுள்ள தரகர், "நானா, இது சூடு காட்டாத கல்" என்றார். நம்பி, அந்த விலையையே கொடுத்தேன். விற்கப் போனபோதுதான் பரிசோதனைக்கூடம் உண்மையைச் சொன்னது. தரகர் பொய் சொன்னதாக நான் இன்றும் நினைக்கவில்லை. அவரிடம் விற்றவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நாலு கை மாறிய கல்லில் ஒருவராவது எதையும் எழுதிக் கொடுக்கவில்லை.

இந்த வியாபாரம் வாய்ச்சொல்லில் நடப்பது, கடதாசி கேட்பது அவமதிப்பு என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர்களின் நாணயத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் லென்ஸில்கூடத் தெரியாத ஒன்றுக்கு எவருடைய வாய்ச்சொல்லும் எப்படிப் பொறுப்பாகும்? பெரிய தொகைக் கல்லென்றால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிலோ, நம்பகமான வேறு ஆய்வுகூடத்திலோ காட்டி அறிக்கை எடுக்க வேண்டும். பெரிலியம் சாதாரண சோதனையில் அகப்படாது, அதற்கான கருவி அங்கு உண்டா என்று கேளுங்கள். அறிக்கையிலுள்ள நிறையும் அளவும் கையிலுள்ள கல்லோடு பொருந்துகின்றனவா என்றும் பாருங்கள். அறிக்கை எடுக்கும் செலவுக்குக்கூடக் கட்டாத சிறு கல்லென்றால், சூடாக்கிய கல்லின் விலைக்கு மேல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

நான் இப்போது பற்றுச்சீட்டில் நிறை, இயற்கைக் கல்லா என்பது, சூடு காட்டியதா இல்லையா என்பது, அறிக்கை வேறாகச் சொன்னால் காசு திரும்ப வரும் என்ற உறுதி ஆகியவற்றை எழுதித் தரச் சொல்கிறேன். எழுதத் தயங்கும் இடத்தில் கல்லைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீரை மாத்திரம் குடித்துவிட்டு எழும்பி வருகிறேன்.