மறைப்புக் கூடாரமும் சில சாக்குகளும்

ஹென்றி டேவிட் தோரோ 1845-ல் வால்டன் குளக்கரையில் குடில் கட்டியபோது, அதற்கான செலவை அரைக் காசு பிசகாமல் எழுதிவைத்தார். பலகை, செங்கல், சுண்ணாம்பு, பழைய சன்னல் இரண்டு, ஆணி, கீல், தாழ்ப்பாள் என்று நீண்டு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று முடிகிறது அந்தப் பட்டியல். கழிப்பிடம் என்று அதில் ஒரு வரி கிடையாது. காலையில் குளத்தில் இறங்கிக் குளிப்பதை வழிபாட்டுக்கு நிகராகச் சொன்னவர் அவர். இயற்கையோடு ஒன்றுவது பற்றி அவருக்குப் பின் எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதி இந்த ஒரு வரி இல்லாமலேயே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். இவ்விரண்டும் தொடர்புடையவை என்றே எனக்குப் படுகிறது.

இவ்வளவு பெரிய பெயரை இழுத்தது ஒரு சின்னப் பொருளுக்காக. மலையேற்றத்துக்கும் காட்டில் தங்குவதற்கும் போகிறவர்கள் இப்போது வாங்கிச் செல்லும் மறைப்புக் கூடாரத்தைத்தான் சொல்கிறேன். நாலடிக்கு நாலடி தரைப்பரப்பு, ஆறரை அடி உயரம், ஒரு ஜிப் வைத்த வாசல். உள்ளே நின்று குளிக்கலாம், உடை மாற்றலாம், மூடி போட்ட வாளி ஒன்றை வைத்தால் கழிப்பறையும் ஆகும். பழுத்த மலையேறிகள் பலருக்கு இதைக் கண்டால் ஆகாது. காட்டுக்கு வந்தும் கதவு கேட்கிறார்களே என்ற ஏளனத்தை வெவ்வேறு வாய்களிலிருந்து கேட்டிருக்கிறேன். வானமே கூரை, மரமே சுவர் என்றெல்லாம் அது விரியும். முதுகில் எல்லாவற்றையும் சுமந்து நாள்கணக்கில் நடப்பவர் மூன்று கிலோ துணியையும் கம்பியையும் கூடுதலாகச் சுமக்கத் தயங்குவது நியாயம். எடை பற்றிய பேச்சாக அது இருந்தால் எனக்கு மறுப்பில்லை. ஏளனம் எடையைப் பற்றியதாக இருப்பதில்லை.

பொருளைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்கலாம். பாலியஸ்டர் துணியின் விளிம்புகளுக்குள் வளையும் எஃகுக் கம்பி செருகப்பட்டிருக்கிறது. உறையிலிருந்து எடுத்து வீசினால் தானே விரிந்து நிற்கும். திருப்பி மடக்குவதுதான் வித்தை. கம்பியை எட்டு என்ற எண்ணைப் போல முறுக்கி, ஒரு வளையத்தின் மேல் இன்னொன்றைப் படியவைத்துச் சுளகு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். முதல்முறை முயல்கிறவர் பாம்பைப் பிடிக்கப்போனவர் போலத் தெரிவார். இலேசான பொருளாதலால் முளையடித்துக் கட்டாவிட்டால் காற்று தூக்கிப்போய்விடும். குளிப்பதற்கு வெயிலில் சூடேறும் கறுப்புத் தண்ணீர்ப் பை உண்டு. இருபது லிட்டர் பிடித்தால் அது இருபது கிலோ கனக்கும். கூடாரத்தின் கம்பி அதைத் தாங்காது, மரக்கிளையில்தான் தொங்கவிட வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது துணியின் உட்பூச்சு. பூச்சில்லாத மலிவுத் துணிக்குள் இரவில் விளக்கோடு போனால் உள்ளே இருப்பவரின் ஒவ்வொரு அசைவும் வெளியே தோல்பாவைக்கூத்துப் போலத் தெரியும். மறைப்பதற்கென்றே வாங்கிய பொருள் திரையாக மாறிவிடும் இந்த விபரீதத்தை, விற்பவர்கள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

இது நேற்று முளைத்த சொகுசு என்று நினைப்பவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் கடற்கரைகளைப் பார்க்க வேண்டும். ஸ்கார்பரோ கடற்கரையைக் காட்டும் 1735-ஆம் ஆண்டுச் செதுக்கோவியம் ஒன்றிலேயே குளியல் வண்டி வந்துவிடுகிறது. நான்கு சக்கரங்களின் மேல் ஒரு மர அறை. கரைப்பக்கக் கதவு வழியாக உடுத்திய உடையோடு ஏறிக்கொள்ள வேண்டும். குதிரை வண்டியைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும். உள்ளே இருட்டில் உடை மாற்றிக்கொண்டு, கடல்பக்கக் கதவைத் திறந்து படியிறங்கினால் நீர். அதுவும் போதவில்லை. மார்கேட் ஊரின் பெஞ்சமின் பீல் என்பவர் அந்தக் கடல்பக்கக் கதவின் மேல் மடக்கு விதானம் போன்ற கித்தான் மறைப்பைப் பொருத்தினார். இறக்கிவிட்டால் நீர்மட்டம்வரை தொங்கும், அதற்குள்ளேயே குளித்து ஏறிக்கொள்ளலாம். இன்றைய கூடாரத்தின் பாட்டி இதுதான். விக்டோரியா அரசி 1847-ல் முதன்முதலாகக் கடலில் குளித்ததும் ஆஸ்பர்ன் கடற்கரையில் இப்படியொரு வண்டியிலிருந்து இறங்கித்தான். அவருடைய வண்டிக்குள் கழிப்பறையும் இருந்தது. (அவர் காலத்துக்குப் பின் அது கோழிக்கூண்டாகப் பயன்பட்டு, பிறகு செப்பனிடப்பட்டது தனிக்கதை.) அதே நாட்டில் ஆண்கள் கடலில் நிர்வாணமாகக் குளிப்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை வழக்கத்தில் இருந்தது. வண்டி பெண்ணை ஒடுக்கிய பெட்டி என்று ஒரு வாசிப்பு சாத்தியம். ஆனால் அந்தப் பெட்டி இல்லையென்றால் அவள் கடலுக்கே வந்திருக்க மாட்டாள். எனக்கு இரண்டாவது வாசிப்பே முக்கியம்.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்தது சேலை. தீர்த்தக்கரைகளில் நான்கு பெண்கள் சேலையை நாற்புறமும் பிடித்து நிற்க, நடுவில் ஒருத்தி ஈரத்துணி மாற்றுவதைப் பார்த்திராதவர் நம்மில் குறைவு. எடை ஒரு பொருட்டில்லை, முளை தேவையில்லை. தேவை நான்கு பெண்கள். தனியாக வந்தவளுக்கு அந்தக் கூடாரம் கிடையாது. நீராடும் பெண்ணை நம் இலக்கியம் நிறையவே பாடியிருக்கிறது, பெரும்பாலும் கரையில் நிற்பவனின் கண்ணால். நாச்சியார் திருமொழியின் மூன்றாம் திருமொழி விதிவிலக்கு. துகிலைக் கவர்ந்துகொண்டு குருந்தமரத்தில் ஏறியவனிடம் அதைத் திருப்பிக் கேட்கும் குரல் அங்கே நீருக்குள்ளிருந்து வருகிறது. பக்தி ஒருபுறம் இருக்கட்டும், குளத்தில் நிற்பவளுக்கு அந்த நேரம் எப்படி இருக்கும் என்று ஆண்டாளுக்குத் தெரிந்திருக்கிறது.

ஏளனத்தைச் சிறு விஷயம் என்று விட்டுவிடாமல் நான் வம்புக்கு நிற்கக் காரணம், மறைப்பு இல்லை என்பது வெறும் தகவலாக நின்றதில்லை என்பதுதான். அது ஒரு சாக்காக வேலை செய்திருக்கிறது. அண்டார்க்டிகாவை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கடற்படை அங்கே பெண்களை ஏற்றிச் செல்லப் பல ஆண்டுகள் மறுத்தது. சொல்லப்பட்ட காரணங்களில் பெண்களுக்கான வசதி இல்லை என்பது ஒன்று. 1969-ல் லோயிஸ் ஜோன்ஸ் தலைமையில் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் நான்கு பெண்கள் அனுமதி பெற்றுப் போனார்கள். ரைட் பள்ளத்தாக்கில் கூடாரமடித்துத் தங்கிப் பாறைகளை ஆராய்ந்தார்கள். அந்த ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி ஆறு பெண்கள் தென் துருவத்தில் கால் பதித்தபோது அவர்களுள் இந்த நால்வரும் இருந்தார்கள். பிரிட்டன் இன்னும் மெதுவாக நகர்ந்தது. பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வமைப்பின் நிலவியலாளர் ஜேனட் தாம்சன், தான் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்துவந்த நிலத்தில் இறங்க 1983-84 பருவம்வரை காத்திருக்க நேர்ந்தது. பனிப்பாறையையும் புயலையும் கையாளத் தெரிந்த நிறுவனங்களுக்கு ஒரு துணித்தடுப்பு அமைப்பது மட்டும் கைவராத தொழில்நுட்பமாக இருந்திருக்கிறது! வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்திய ராணுவத்தில் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி வழங்குவது தொடர்பாக உச்சநீதிமன்றம் 2020 பிப்ரவரி 17-ல் தீர்ப்பளித்த வழக்கிலும், முன்னணிப் பகுதிகளில் தங்குமிட, சுகாதார வசதிகள் மிகக் குறைவு என்பது அரசுத் தரப்பு வாதங்களுள் ஒன்றாக வந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

சுவரே இல்லாமலும் மறைப்பு இருக்க முடியும் என்பதற்கு ஓர் அழகான எதிர்ச்சான்று உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனில் கொலராடோ ஆற்றில் ரப்பர்ப் படகில் இறங்கிப் போகிறவர்கள் இரண்டு மூன்று வாரங்கள் கரையில் தங்கிச் செல்வார்கள். மலத்தை அங்கே புதைக்கக் கூடாது, முழுவதையும் பெட்டியில் அடைத்து வெளியே கொண்டுவர வேண்டும் என்பது விதி. அந்தப் பெட்டிக்கு க்ரூவர் என்று பெயர். முற்காலத்தில் இருக்கை இல்லாத ராணுவத் தோட்டாப் பெட்டியின் மேல் நேரடியாக உட்கார்ந்ததில் பின்புறத்தில் பதிந்த வரிப்பள்ளங்களே பெயர்க்காரணம். பெரும்பாலும் அதற்குக் கூடாரம் கிடையாது. முகாமிலிருந்து ஒதுங்கிய, ஆறு நன்றாகத் தெரியும் ஒரு திருப்பத்தில் வைத்துவிடுவார்கள். அங்கே போகும் பாதையின் தொடக்கத்தில் சாவி என்று ஒரு பொருள் இருக்கும். காகிதச்சுருள் வைத்த டப்பாவோ வேறேதாவதோ. போகிறவர் அதை எடுத்துச் செல்வார், திரும்பியதும் வைத்துவிடுவார். சாவி இல்லையென்றால் யாரும் அந்தப் பாதையில் காலடி வைப்பதில்லை. இது எனக்கு மிகப் பிடித்த ஏற்பாடு. ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒருவரையொருவர் அறிந்து, வேற்றாள் வர வழியில்லாத பள்ளத்தாக்கில் இருக்கும்போதே அது செல்லும். பொது முகாமொன்றில், தெரியாத முகங்களுக்கு நடுவே, சாவியை நம்பிப் போகும்படி ஒரு பெண்ணிடம் யார் சொல்வது? அங்கே நாலடித் துணி தேவைப்படுகிறது. கண்ணைத் திருப்பிக்கொள்ளக் கற்காத கூட்டத்தின் குறையை அவள் மூன்று கிலோவாகச் சுமக்கிறாள்.

கூடாரம் எல்லாவற்றையும் தீர்த்துவிடுவதாகவும் எண்ணிவிடக் கூடாது. உள்ளே சேர்வது எங்கே போகிறது என்ற கேள்வி துணிக்கு அப்பால் நிற்கிறது. எவரெஸ்ட் அடிவார முகாமில் கழிப்பறைக் கூடாரங்கள் வழக்கமானவை, உள்ளே பீப்பாய் இருக்கும். நிறைந்த பீப்பாயை முதுகில் கட்டிக் கீழே இறக்குபவர்கள் கூலிச்சுமையாளர்கள். அதற்கு மேலுள்ள முகாம்களில் நெடுங்காலம் எதுவும் இல்லாமல் இருந்தது. அங்கே கழித்ததைப் பையில் கட்டி அவரவரே இறக்கிவர வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் 2024-ல்தான் விதித்தது. கொலராடோவில் தனிக்குழுவாகப் போகிறவர்களிடையே க்ரூவரை எடுத்துவைக்கும் வேலை முறைவைத்து எல்லாருக்கும் வரும். நம் ஊர் மலையேற்றக் குழுக்களில் ஜிப் திறந்து உள்ளே போகிறவரும், பிறகு வந்து குழியை மூடுகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆளாக இருப்பதில்லை. இதைச் சாதியின் பெயர் சொல்லாமல் பேசுவது கடினம். கூடாரம் வேண்டும் என்று வாதாடும் நானே, அதற்குள் இந்தப் பழைய ஏற்பாடு புதிய துணி போர்த்திக்கொண்டு வந்து உட்காருமானால் வேண்டாம் என்பேன்.

குழி தோண்டுவதும் மூடுவதும் பெரிய கலையல்ல. மலைக்காடுகளில் பொதுவாகச் சொல்லப்படும் அளவு ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம், ஓடையிலிருந்தும் நடைபாதையிலிருந்தும் இருநூறு அடி தள்ளி. சோப்பு நீருக்கும் அதே தூரம்தான், மக்கும் சோப்பு என்று உறையில் அச்சிட்டிருந்தாலும். அடுத்த பயணத்துக்கு நண்பர்கள் சாமான் பட்டியல் எழுதும்போது கூடாரத்தோடு ஒரு சிறு மண்வெட்டியையும் சேர்த்துக்கொள்ளட்டும். அதை யார் யார் எந்தெந்த நாளில் எடுப்பது என்பதையும் வண்டி ஏறுவதற்கு முன்பே பேசிவிடலாம்.